நொய்யலாறும் சாயநீரும்

கொங்கு நாட்டு நதிகளுள் நொய்யல் பழமை வாய்ந்தது. காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றி, பேரூர்ப் பட்டீசர் திருக்கோயிலை அடுத்து ஓடி, கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து, கரூர் வட்டாரத்திற் காவிரியோடு கலக்கின்றது. பதிற்றுப்பத்துக் குறிக்கும் கொடுமணம் என்னும் ஊர் இதன் கரையிலுள்ள கொடுமணலே என்பர் அறிஞர். ஆங்கு அகழ்ந்தெடுத்த மணிகளும் இரும்புருக்கிய உலைகளும் இக்கரையிற் கைத்தொழில் எத்துணைத் தொன்மையது என்பதற்குச் சான்றாம்.

அத்தகைய நதி நம் காலத்திலேயே எய்திய நிலையை நம்மவர் அறிதல் வேண்டும். என்னையெனின், நம் சங்கத்தாருள் சாயப்பட்டறை நடத்துவோரும் உளர். சாயநீரால் நிலங்கெட்ட உழவரும் உளர்.

திருப்பூர் பின்னலாடைத் தொழிலாற் பெருநகராயிற்று. பருத்தியிற் சாயம் பற்றுதற்கு உப்பு மிகுதியும் வேண்டும். சாயம் துணியில் ஏறும். உப்போ கழிவுநீரிலேயே தங்கிவிடும். அந்நீர் ஓடைகளின் வழியே ஆற்றை அடைந்தது.

இதற்கிடையே, உழவர் நலங்கருதி ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டப்பெற்று 1992-ஆம் ஆண்டில் முடிவுற்றது. மழைநீரைத் தேக்க எழுந்த அணையிற் சாயநீர் தேங்கிற்று. அந்நீர் பாய்ந்த வயல்கள் உவர் பூத்தன. சுற்றிலுமுள்ள கிணறுகள் உப்புக் கரித்தன. எவர்க்காக அணை எழுந்ததோ அவ்வுழவரே, அதில் நீரைத் தேக்கவேண்டா என்று முறையிடலாயினர். இதனினும் கொடிய அவலம் வேறென்?

1990-களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆங்குச் சுண்ணாம்பு முதலியன கலந்து சாயத்தைப் படியச் செய்தனர். நிறம் நீங்கிற்று, உப்பு நீங்கிற்றில்லை. நீரிற் கரைந்த உப்பு அடியிற் படிவதுமன்று, கண்ணுக்குப் புலப்படுவதுமன்று. தெளிந்த நீரெல்லாம் தூய நீரெனக் கொண்டமையே இவ்வரலாற்றின் பெரும்பிழை என்போம்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கத்தார் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். சாயநீர் ஒரு துளியும் ஆற்றிற் கலத்தலாகாது என்பதே வழக்கின் முடிவாயிற்று. மாசுபடுத்தினோரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை 2009-இல் உச்சநீதிமன்றமும் வலியுறுத்தியது. கட்டளைகள் முற்றும் நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28-ஆம் நாள் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் அடைபட்டன, பல்லாயிரவர் வேலையிழந்தனர். வயலிற் பட்ட துன்பம் பட்டறைக்கும் வந்தெய்தியது.

பின்னர்த் தொழில் மீண்டது, ஆர்.ஓ. முறையின் துணையால். கழிவுநீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்தி நன்னீரைப் பிரிப்பர்; எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பைத் திரட்டுவர். நீரும் உப்பும் மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்லும். இதற்கு மின்சாரமும் விறகும் பெரும்பொருளும் வேண்டும். மீண்டும் பயன்படாத கலப்புப்பும் குவியும். அச்செலவுக்கு அஞ்சி இரவில் ஓடையிற் குழாயைத் திறந்துவிடுவோர் சிலர் இலாபங் காண்பர். அவ்விலாபம், ஆற்றின் கீழ்ப்பாலிருக்கும் மைத்துனன் கிணற்றினின்று எடுத்த பொருளேயன்றிப் பிறிதன்று.

நம் பட்டறைக்காரர் இச்செலவைத் தொழிலின் முதலாகவே கொள்வாராக. நம் இளைஞர், நீரின் தெளிவை நோக்கி அமையாது, அதன் உப்பளவையும் ஆய்ந்தறியும் கல்வி பெறுவாராக. ஆறு நம் மக்களுக்கும் உரியது.