கரைப்பறவைப் படங்களும் அவற்றைத் திருத்திய கைகளும்

இங்கிலாந்தில் 1895ஆம் ஆண்டு ரெஜினால்ட் பாதம் லாட்ஜ் என்பவர், தலையில் நீண்ட கொண்டையை உடைய அந்நாட்டு ஆட்காட்டிப் பறவை தரையிலுள்ள தன் முட்டைகளின்மீது அமர்ந்து அடைகாக்கும் கோலத்தைப் படமெடுத்து, இயற்கைப் புகைப்படத்துக்கென ராயல் புகைப்படச் சங்கம் வழங்கிய முதற் பதக்கத்தைப் பெற்றார். கரைப்பறவைக் குலத்தைச் சேர்ந்த ஒரு பறவைக்கு இந்தப் பெருமை வாய்த்தது எனக்கு மிகவும் உவப்பான செய்தி. ஏனெனில், கண்கூசும் வெண்மணலிலும் ஈரச்சேற்றிலும் வெளிறிய வானத்தின் கீழும் வாழ்கின்ற இப்பறவைகளே, புகைப்படக் கலையின் குறைகளைத் தொடக்கம் முதல் இன்றுவரை மிகத் தெளிவாகக் காட்டிக்கொடுத்து வந்திருக்கின்றன.

முற்காலத்துச் சாதாரணக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் பச்சையைச் சிறிதளவும் ஏற்றுச் சிவப்பை ஏறக்குறைய அறியாமலே இருந்தமையால், நீலவானம் வெறும் வெண்மையாகவும், பவளக்காலியின் செங்கால்கள் கரிபூசினாற்போன்றும் பதிந்தன. 1873ஆம் ஆண்டு பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்னும் ரசாயன விற்பன்னர், சில சாயங்களைத் தகட்டில் சேர்த்தால் அது பச்சை ஒளியையும் உணரும் என்று கண்டார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளை 1906ஆம் ஆண்டு ராட்டன் அண்டு வெயின்ரைட் என்னும் ஆங்கிலக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வெகுகாலம் முன்னரே, 1850களில், பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக இரண்டு நெகடிவ்களை ஒரே தாளில் அச்சிட்டு, அலையும் மேகமும் ஒருங்கே விளங்கும் கடற்காட்சிகளைப் படைத்திருந்தார். அவை பேரழகு வாய்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வேளையின் கடலுக்கு மற்றொரு வேளையின் வானத்தைச் சூட்டலாம் என்ற அனுமதி அங்கேயே பிறந்துவிட்டது.

இருட்டறையில் நடந்த திருத்தமோ வேறு தன்மையது. சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில், என்லார்ஜர் வீசும் பிம்பத்தின் கீழே தாளை வைத்து, மெல்லிய கம்பியின் நுனியில் ஒட்டிய சிறு அட்டை வட்டத்தை உப்புக்கொத்தியின் கரிய மார்புப் பட்டையின்மேல் ஓயாது அசைத்துக்கொண்டே நிழல் பிடித்தால், அப்பகுதி கறுத்துப் போகாமல் இறகுகளின் வரிகள் புலப்படும். பின்னர் இரு கைகளையும் குவித்து, விரல்களின் இடைவெளி வழியே வெண்ணிற வயிற்றுக்கு மட்டும் மேலும் சில வினாடி ஒளியைக் கூட்டினால், தாளில் வெறும் வெளுப்பாக நின்றிருக்க வேண்டிய இடத்தில் மென்மயிரின் சாயல் எழும். அட்டையை அசைக்காமல் நிறுத்திவிட்டால் அதன் விளிம்பு தாளில் வட்டமாகப் பதிந்துவிடும்; ஆகையால் கைப்பழக்கமே இங்கு வித்தையாயிற்று. நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வரும், பல கருவிகளின் உறுப்புகளைக் கூட்டித் தமக்கென ஒரு காமிராவை அமைத்துக்கொண்டவருமான மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களையே போற்றியது, ஒளிக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட எண்ணற்ற சாயல்களில் அத்தகையோர் வைத்திருந்த நம்பிக்கையைக் காட்டுவதாகும். இத்திருத்தங்கள் அனைத்திலும் நெகடிவில் இல்லாத ஒன்று தாளில் ஏறவில்லை என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது.

கணிப்பொறி யுகத்தில் இந்த எல்லைக்கோடு மெல்ல நகர்ந்தது. 1976ஆம் ஆண்டு கோடக் கம்பெனியின் பிரைஸ் பேயர் உரிமை பெற்ற, டிஜிட்டல் காமிராவின் ஒளியுணரிமேல் அமையும் வடிகட்டி அமைப்பில், ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஒன்றையே அளக்கிறது. மற்ற இரண்டும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு அனுமானிக்கப்படுகின்றன. மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராயிருந்த தாமஸ் நோல், தம் சகோதரர் ஜானுடன் சேர்ந்து உருவாக்கி 1990இல் அடோபி வெளியிட்ட போட்டோஷாப்பில், நிழல் பிடிக்கும் கருவிக்குக் கம்பி முனை வட்டமும், ஒளி கூட்டும் கருவிக்குக் குவித்த கையும் சின்னங்களாக அமைந்தன. இருட்டறையை அறியாத தலைமுறையினரும் அச்சின்னங்களைத் தொட்டே வேலை செய்கின்றனர்.

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் லைட்ரூம் என்னும் படத்திருத்த மென்பொருளில் வந்து சேர்ந்த, இரைச்சல் எனப்படும் புள்ளிக்கூட்டத்தைச் செயற்கை அறிவால் நீக்கும் கருவியையும், அதற்கு அடுத்த மாதமே போட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பில் தோன்றிய, படத்தில் இல்லாததை இட்டு நிரப்பும் வசதியையும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே பார்க்கலாம். ஆனால் அனுமானத்தின் பிறப்பிடம் மாறிவிட்டது. பேயரின் முறையில் ஊகம், அதே பறவையிலிருந்து அதே கணத்தில் வந்த ஒளியைச் சார்ந்திருந்தது. புதிய மென்பொருளோ வேறெங்கோ, வேறெப்போதோ எடுக்கப்பட்ட படங்களின் பயிற்சியால் பெற்ற ஞாபகத்தைச் சார்ந்து ஊகிக்கிறது. விடியற்காலத்து மங்கலில் எடுத்த படத்தின் புள்ளிக்கூட்டம் நீங்கி, அலகும் கண்ணும் துலங்கி வருவதைக் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சியை நான் மறுக்கமாட்டேன். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு அது பெருங்கொடையே.

ஆயினும் கரைப்பறவையின் படம் அழகுப்பொருள் மட்டுமன்று, சாட்சியமும் ஆகும். கொசு உள்ளானையும் சிவந்த கழுத்துடைய அதன் உறவினத்தையும், அந்தச் சிவப்பு மறைந்து இரண்டும் சாம்பல் நிறமெய்தும் குளிர்காலத்தில் பிரித்தறிய முயல்வோர், முதுகிறகின் நடுத்தண்டை ஒட்டிய கருங்கோடு அகன்றதா மெலிந்ததா என்று உற்றுநோக்குவர். எட்ட நின்று எடுத்து, பலமடங்கு பெரிதாக்கிய படத்தில் அக்கோடு ஒன்றிரண்டு புள்ளி அகலமே இருக்கும். அதை மென்பொருள் கூர்மையாக்கித் தரும்போது, அது பறவையின் கோடா, பயிற்சியின் கோடா என்று எவரால் கூற இயலும்?

கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுவித்து வருகின்றனர். உலகின் பல கரைகளிலும் இவ்வாறு பறவையின் காலில் பூட்டப்படும் வண்ணக்கொடிகளில் சில எழுத்துகளோ எண்களோ பொறிக்கப்பட்டிருக்கும்; அவற்றைப் படத்திலிருந்து வாசித்தே அப்பறவை எங்கிருந்து வந்தது, எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்று கணிக்கிறார்கள். மங்கிய எழுத்தை மென்பொருள் தன் ஊகத்தால் நிறைவு செய்து தந்துவிட்டால், ஒரு பறவையின் யாத்திரை மற்றொரு பறவையின் கணக்கில் ஏறிவிடும். சிறந்த வனவிலங்குப் புகைப்படப் போட்டிகள் இறுதிச் சுற்றில் காமிராவின் மூலக்கோப்பைக் கேட்பது போலவே, கொடியுள்ள பறவையைப் படமெடுப்போரும் துலக்கிய படத்துடன் கைபடாத மூலக்கோப்பையும் ஆராய்ச்சியாளருக்கு அனுப்பவேண்டும். மூலத்தில் எழுத்து தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்றே ஏட்டில் பதிவாகட்டும்.