ஆல்ஃபா ரோமியோவும் ஃபெராரியும்

1951 சூலை 14 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில் நடந்த பிரித்தானிய கிராண்ட் பிரி பந்தயத்தில், ஃபெராரி நிறுவனம் ஃபார்முலா ஒன் உலகத் தொடரில் தன் முதல் வெற்றியைப் பெற்றது. தோற்ற கார் ஆல்ஃபா ரோமியோ 159. அதன் மூல வடிவமான 158, போருக்கு முன் என்சோ ஃபெராரியின் பட்டறையிலேயே உருவானது.

என்சோ 1920இல் மிலான் நகரின் ஆல்ஃபா ரோமியோவில் பந்தய ஓட்டுநராகச் சேர்ந்தார். கார் ஓட்டுவதைவிட ஆட்களைச் சேர்ப்பதில்தான் அவர் கெட்டிக்காரர். ஃபியட்டில் இருந்த பொறியாளர் விட்டோரியோ யானோ 1923இல் ஆல்ஃபாவுக்கு வந்ததில் அவருக்குப் பங்குண்டு. யானோ வடிவமைத்த பி2 கார் 1925இல் உலகப் பட்டம் வென்றது. 1929இல் மொடெனாவில் என்சோ தொடங்கிய ஸ்குடேரியா ஃபெராரி, கார் தயாரிக்கும் நிறுவனம் அன்று. ஆல்ஃபா கார்களைப் பந்தயத்தில் ஓட்டிய அணி. 1935இல் அந்த அணிக்காக ஓட்டிய தாட்சியோ நுவோலாரி, அரசின் ஆதரவு பெற்ற மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் கார்களை ஜெர்மன் மண்ணிலேயே, நூர்பர்க்ரிங் களத்தில் வென்றார்.

1938இல் ஆல்ஃபா தன் பந்தயப் பணிகளை மீண்டும் நேரடியாக எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு என்சோ வெளியேறினார். நான்கு ஆண்டுகளுக்குத் தன் பெயரைப் பந்தயத்தில் பயன்படுத்தக் கூடாது என்பது பிரிவின் நிபந்தனை. 1940 மில்லே மில்லியா பந்தயத்தில் அவர் தயாரித்த இரண்டு கார்கள் ஓடின. இரண்டிலும் ஃபெராரி என்ற பெயர் இல்லை, இரண்டும் பந்தயத்தை முடிக்கவும் இல்லை. அவர் பெயர் தாங்கிய முதல் கார், 125 எஸ், 1947இல்தான் மரனெல்லோவிலிருந்து வந்தது. அதன் 12 சிலிண்டர் எஞ்சினை வடிவமைத்த ஜோவாக்கினோ கொலம்போ, ஆல்ஃபா 158ஐயும் வடிவமைத்தவர்.

அன்றைய விதி இருவகை எஞ்சின்களை அனுமதித்தது: சூப்பர்சார்ஜர் பொருத்தினால் 1.5 லிட்டர், இல்லையென்றால் 4.5 லிட்டர். ஆல்ஃபா முதல் வழியில் சென்றது. 1938இல் சுமார் 200 குதிரைத்திறன் தந்த அதன் எஞ்சின் 1951இல் 400ஐத் தாண்டியது; கூடவே எரிபொருள் தாகமும் பெருகியது. தொட்டி நிறைய எரிபொருளைச் சுமந்தும், நிரப்புவதற்காகப் பலமுறை நின்றுமே ஓட வேண்டியிருந்தது. ஃபெராரியின் பொறியாளர் ஆவுரேலியோ லாம்பிரெதி இந்தப் பலவீனத்தைச் சரியாகக் கணித்து, சூப்பர்சார்ஜர் இல்லாத 4.5 லிட்டர் எஞ்சினை உருவாக்கினார்.

சில்வர்ஸ்டோனில் அர்ஜென்டினாக்காரர்களான கொன்சாலஸ் ஃபெராரியிலும், ஃபாஞ்சியோ ஆல்ஃபாவிலும் மோதினர். எரிபொருள் நிரப்ப நின்றபோது, கார் பழுதாகி விலகியிருந்த அணித் தலைவர் அஸ்காரிக்குத் தன் இருக்கையைத் தர கொன்சாலஸ் முன்வந்தார். அஸ்காரி மறுத்து, அவரையே தொடரச் சொன்னார். கொன்சாலஸ் ஏறத்தாழ 50 வினாடி முன்னிலையில் வென்றார். அன்று தன் தாயைக் கொன்றுவிட்டது போல் உணர்ந்ததாக என்சோ பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

அவ்வாண்டின் உலகப் பட்டம் ஃபாஞ்சியோ வழியாக ஆல்ஃபாவுக்கே கிடைத்தது. ஆனால் புதிய கார் உருவாக்கப் பணம் இல்லாததால், பட்டத்துடனேயே அந்நிறுவனம் கிராண்ட் பிரி களத்தை விட்டு விலகியது. 1952, 1953 ஆகிய இரு ஆண்டுகளும் அஸ்காரி ஃபெராரியில் உலகப் பட்டம் வென்றார்.