பூ வைக்க ஓர் இடம்... போருக்குப் பிறகு நினைவுச் சின்னங்கள் ஏன் தேவை?

போர் முடிஞ்சுடுச்சுன்னு அரசு அறிவிச்சுடலாம். ஆனா, காணாமல் போனவரின் உடல்கூட கிடைக்காத வீட்டுக்கு அது எப்போ முடியும்? கல்லறை இல்லை, அழுது தீர்க்க ஓர் இடமும் இல்லை. இந்த வலியோடு வாழ்ந்த ஒரு நாடு, மத்திய அமெரிக்காவில் இருக்கும் எல் சல்வடோர்.

1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அங்கே சுமார் 75,000 பேர் இறந்தாங்க. ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டாங்க. பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்து தேசிய நினைவுச் சின்னம் கட்டணும்னு 1993 மார்ச்சில் ஐ.நா. அமைத்த உண்மை ஆணையம் பரிந்துரைத்தது. அறிக்கை வந்த ஐந்தே நாளில், குற்றவாளிகளைக் காப்பாற்றும் பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. நினைவுச் சின்னத்தை அரசு கட்டவே இல்லை.

மக்களே கட்டிய சுவர்

குடும்பங்களும் மனித உரிமை அமைப்புகளும் சேர்ந்து அந்த வேலையைக் கையில் எடுத்தாங்க. 2003 டிசம்பரில் தலைநகர் சான் சல்வடோரின் குஸ்காட்லான் பூங்காவில் 85 மீட்டர் நீளக் கறுப்பு கிரானைட் சுவர் திறக்கப்பட்டது. அதில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள்.

சுவர் என்ன செய்யுது?

முதல்ல, துக்கத்துக்கு ஒரு முகவரி கொடுக்குது. நம்ம ஊர் கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாள் அனுசரிக்கும் அதே நவம்பர் 2-ல் அங்கேயும் குடும்பங்கள் பூக்களோடு வர்றாங்க. பெயரைத் தேடிப் பிடிச்சு, விரலால் தொட்டுப் பார்க்கிறாங்க.

அடுத்து, களங்கத்தைத் துடைக்குது. ‘கலகக்காரன்’ என்று முத்திரை குத்தப்பட்ட மகனின் பெயரை வெளியே சொல்லவே பயந்த அம்மாக்கள் உண்டு. இன்னிக்கு அந்தப் பெயர் எல்லோரும் நடமாடும் பூங்காவில் இருக்கு. பக்கத்துப் பெயரைத் தேடி வந்தவரைப் பார்க்கும்போது, ‘நாம மட்டும் இல்லை’ங்கிற தெம்பும் வருது.

கல் மட்டும் போதுமா?

போதாது. 1981 டிசம்பரில் எல் மொசோட்டே கிராமத்திலும் அதைச் சுற்றியும் ராணுவம் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. அங்கே தேவாலயத்துக்குப் பக்கத்தில், இறந்த குழந்தைகளுக்காக ஒரு தோட்டம் இருக்கு. அரசு சார்பில் அதிபர் அந்தக் கிராமத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டது 2012-ல்தான். பொதுமன்னிப்புச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்தது 2016-ல். அதன் பிறகே அந்த வழக்கு மறுபடியும் திறக்கப்பட்டது.

நீதி வர இத்தனை வருஷம் ஆகும்போது, அதுவரை பெயர்கள் அழிஞ்சுபோகாம யாராவது காக்கணும். அந்தச் சுவர் செய்யற வேலை அதுதான்.