எச்சரிக்கை தராத பிழை: ஜியன்ட்4 வடிவியலில் கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுதல்

துகள் உணர்கருவிகளை உருவகப்படுத்தும் ஜியன்ட்4 மென்பொருளில், ஒரு துகள் தொடர்ந்து 10 படிகள் நகராமல் நின்றால் கருவியின் வடிவியலினூடே அதை வழிநடத்தும் நேவிகேட்டர் எச்சரிக்கை தரும். துகளைச் சற்றே முன்னே தள்ளியும் பார்க்கும். 25 படிகள் ஆகியும் அது நகராவிட்டால் கைவிட்டுவிடும். எச்சரிக்கை நின்றுவிட்டால் வடிவியல் சரியாகிவிட்டது என்று கொள்வது எளிது. அவ்வாறு கொள்வது தவறு. இயற்பியல் முடிவைக் கெடுக்கும் பிழைகளுள் மிகக் கொடியவை எந்த எச்சரிக்கையும் தராதவையே.

காரணம் நேவிகேட்டரின் அடிப்படையிலேயே இருக்கிறது. ஒரு தாய்க் கூறுக்குள் வைக்கப்படும் சேய்க் கூறுகள் ஒன்றையொன்று ஊடுருவா என்ற நம்பிக்கையில்தான் அது இயங்குகிறது. துகள் ஒரு கூறுக்குள் நுழைந்தபின், அதன் உட்கூறுகளையும் அதிலிருந்து வெளியேறும் தொலைவையும் மட்டுமே அது கணக்கிடும். பக்கத்துக் கூறு அங்கே புகுந்திருப்பதை அது பார்ப்பதே இல்லை. ஆகவே இரு கூறுகள் பங்கிடும் பகுதி, துகள் எதில் முதலில் நுழைந்ததோ அதற்கே சொந்தமாகிறது. ஒரே நேர்கோட்டில் மேலிருந்து வந்தால் ஒரு விடை. கீழிருந்து வந்தால் வேறு விடை.

தேனி மாவட்டத்துக்குத் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் ஐகால் உணர்கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு பகுதியிலும் 5.6 செ.மீ. தடிமனுள்ள 151 இரும்பு அடுக்குகள். இடையிடையே 4 செ.மீ. இடைவெளிகளில் உணர்வறைகள். ஓர் எழுத்துப் பிழையால் ஒவ்வோர் உணர்வறையும் மேலுள்ள இரும்புக்குள் 1 மி.மீ. புகுந்துவிட்டதாகக் கொள்வோம்; இரும்பும் அறையும் ஒரே தாயின் சேய்கள். கீழிருந்து செங்குத்தாக மேலேறும் மியூவான் 150 இடைவெளிகளிலும் சேர்த்து 15 செ.மீ. இரும்பை இழக்கும். மேலிருந்து இறங்கும் மியூவானோ இரும்பு முழுவதையும் கடக்கும். குறைந்த அளவு அயனியாக்கும் மியூவானுக்கு அது சுமார் 170 மெகா எலக்ட்ரான் வோல்ட் வேறுபாடு. வளிமண்டல நியூட்ரினோ ஆய்வில் மேலிருந்து வருவதையும் கீழிருந்து வருவதையும் ஒப்பிடுவதே முதன்மையான பணி. அளக்க விரும்பும் வேறுபாட்டைப் போலவே தோன்றும் ஒரு பொய் வேறுபாட்டை இப்பிழை உண்டாக்கிவிடும். அத்தனைக்கும் ஒரு துகள்கூட எங்கும் சிக்கி நிற்காது.

எனவே சோதனையும் திசையைக் கொண்டே அமைய வேண்டும். எதனோடும் வினைபுரியாத ஜியன்டினோ என்னும் கற்பனைத் துகளை ஒரே கோட்டில் இரு திசைகளிலும் செலுத்தி, பொருள்வாரியாகப் பாதை நீளங்களைக் கூட்டுங்கள். ஐகாலில் செங்குத்துப் பாதையின் இரும்பு இரு முறையும் 845.6 செ.மீ. வர வேண்டும். தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

கூறுகளை வைக்கும்போதே ஊடுருவலைச் சோதிக்கும் வசதி ஜியன்ட்4-இல் உண்டு. அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அது இயல்பாகப் பரப்பில் 1000 புள்ளிகளைத் தற்செயலாகத் தெரிந்தெடுத்தே பார்க்கிறது. புகுந்த பகுதி பரப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கானால், அது கண்ணில் படாமலே போக ஏறத்தாழ 90 விழுக்காடு வாய்ப்புண்டு. புள்ளிகளை ஒரு லட்சமாக்கினால் இருபதாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. கூடுதலாகச் செலவாவது கணினி நேரம் மட்டுமே, அதுவும் ஒரே ஒரு முறை.

உருவகப்படுத்தலை நம்பி முடிவு வெளியிடும் ஒவ்வொரு குழுவும், இவ்விரு சோதனைகளின் விளைவையும் எத்தனை புள்ளிகளில் சோதித்தது என்பதையும் கட்டுரையிலேயே தர வேண்டும். மதிப்பாய்வாளர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.