தமிழ்த் திரையில் மாநகரம்

மாநகரத்தை வெறும் பின்னணியாக வைக்காமல் அதன் தெருவையும் வேலையையும் வாடகையையும் பேச்சையுமே கதையாக்கிய தமிழ்ப் படங்கள் பற்றிய கட்டுரை இது. அந்த மாநகரம் பெரும்பாலும் சென்னை, அடுத்தபடியாக மும்பையின் தாராவி. கடையம், தென்காசி, அம்பாசமுத்திரம் வட்டாரத்தாருக்கு இரண்டுமே பிழைக்கப் போகும் ஊர்கள். சினிமாக்காரர்கள் அருவியும் வயலும் தேடிக் குற்றாலத்துக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் வருவார்கள், இங்குள்ளவர்கள் வேலை தேடிக் கோடம்பாக்கத்துப் பக்கம் போவார்கள். இந்தப் போக்குவரத்து படங்களிலும் தெரிகிறது. தமிழ் சினிமா நெடுங்காலம் ரயிலில் வந்து இறங்கியவனின் கண்ணால்தான் நகரத்தைப் பார்த்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவனின் பார்வை பெருவாரியாகத் திரைக்கு வர 2000ஐத் தாண்ட வேண்டியிருந்தது.

ரயிலில் தொடங்குவது தமிழுக்கு மட்டும் உரிய பழக்கமில்லை. 1927இல் ஜெர்மனியின் வால்டர் ருட்மன் கதையோ கதாநாயகனோ இல்லாமல் பெர்லின் நகரின் ஒரு நாளைப் படமாக்கினார். அந்தப் படத்திலும் முதலில் ஒரு ரயில்தான் நகருக்குள் நுழைகிறது. இத்தாலியின் டி சிகா 1948இல் எடுத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, திருட்டுப்போன சைக்கிளைத் தேடும் தகப்பனையும் மகனையும் ரோம் நகரத் தெருக்களில் நடக்கவிட்டது. 1952இல் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்தது. அதில் திரையிடப்பட்ட ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ இந்திய இயக்குநர்கள் பலரைத் தெருவுக்கு இறங்கச் சொன்னது. கல்கத்தாவில் சத்யஜித் ராய் 1963இல் ‘மகாநகர்’ எடுத்தார். தமிழ் சினிமாவோ ஸ்டுடியோவை விட்டு வெளியே வர இன்னும் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

சென்ட்ரலும் எழும்பூரும்

தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுபவர் மறுநாள் காலை இறங்குவது எழும்பூரில். மதுரை, நெல்லை வண்டிகளுக்கும் அதுதான் நிலையம். சினிமாவில் மட்டும் எந்தக் கிராமத்திலிருந்து வந்தாலும் மஞ்சள் பையோடு சென்ட்ரல் வாசலில்தான் வெளிப்படுவார்கள். சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டும் பார்த்ததுமே ஊரைச் சொல்லிவிடுவதால் இயக்குநர்களுக்கு அது வசதி. அதற்கடுத்து 1959இல் திறந்த பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம், அப்புறம் மெரினா. மூன்று ஷாட்டில் பட்டணம் முடிந்துவிடும், கதை செட்டுக்குள் போய்விடும்.

அந்தக் காலத்துப் படங்களிலும் நகரத்தைக் கூர்ந்து பார்த்தவை உண்டு. கே. பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் (1967) ஊரிலிருந்து வந்த நாகேஷ் சென்னையைச் சுற்றிப் பார்த்துப் பாடும் பாட்டு, அவசரத்தையும் போலிப் பகட்டையும் கேலி செய்தபடியே நகரைத் தெருத் தெருவாகக் காட்டுகிறது. எழுதியவர் கண்ணதாசன், இசை எம்.எஸ். விஸ்வநாதன். அதே இயக்குநரின் ‘எதிர்நீச்சல்’ (1968) ஒண்டுக்குடித்தன வீடு ஒன்றை விட்டு அதிகம் நகர்வதில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி, எல்லாக் குடும்பத்துக்கும் எடுபிடி வேலை பார்த்துப் படிக்கும் ‘மாடிப்படி’ மாதுவைப் போன்றவர்களை அன்றைய திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் தேட வேண்டியிருக்காது.

மெட்ராஸ் பாஷையைத் திரையில் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஜே.பி. சந்திரபாபு. ‘சபாஷ் மீனா’வில் (1958) ரிக்ஷாக்காரராகவும் ‘சகோதரி’யில் (1959) பால்காரராகவும் அவர் பேசிய பேச்சை மாநிலமே திரும்பப் பேசிப் பார்த்தது. இத்தனைக்கும் அவர் பிறந்தது தூத்துக்குடியில். பிறகு தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் என்று அந்தப் பேச்சு நகைச்சுவை நடிகர்களிடமே நின்றுவிட்டது. அதே பேச்சில் ஒருவன் அழவும் காதலிக்கவும் பழிவாங்கவும் அரை நூற்றாண்டு பிடித்தது.

குடிசைப் பகுதி

விதிவிலக்குகள் சில உண்டு. ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) சென்னைச் சேரிச் சிறுவன் ஒருவனின் கதை. தேசிய விருதில் மூன்றாவது சிறந்த படத்துக்கான சான்றிதழ் பெற்றும் தியேட்டர்களில் அது ஓடவில்லை. துரையின் ‘பசி’ (1979) குப்பை பொறுக்கிப் பிழைக்கும் பெண்ணைக் கதாநாயகியாக்கியது. ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் வாங்கித் தந்தது. அடுத்த ஆண்டு வந்த பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ வேலையில்லாப் பட்டதாரிகளின் சென்னை. பாட்டுகள் நிலைத்தன, படம் தோற்றது.

இந்த வரிசையில் மிகத் தேர்ந்த படம் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015). ரயில் தண்டவாளத்தில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்கும் அண்ணன் தம்பி இருவருக்கும் பீட்சா தின்ன ஆசை. கடை வந்ததோ, மரத்தில் ஏறிக் காக்கா முட்டை எடுத்துக் குடித்த அதே இடத்தில். மரத்தை வெட்டித்தான் கடையைக் கட்டியிருக்கிறார்கள். விளம்பரத் தாளைப் பார்த்து ஆயா தோசைக்கல்லில் மாவை ஊற்றி, மேலே காய்கறியைத் தூவிச் செய்து தரும் ‘பீட்சா’வைப் பையன்கள் வாயில் வைத்துவிட்டு முகம் சுளிக்கும் இடம் சிரிப்பாகத் தொடங்கி வேறெங்கோ போய் முடிகிறது. காசு சேர்த்த பிறகும் கடைக்குள் விடமாட்டார்கள், அறைதான் கிடைக்கும். சேரிக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே இருப்பது ஒரு சாலைதான் என்பதைப் படம் வசனமில்லாமல் சொல்லிவிடுகிறது. சிறந்த குழந்தைகள் படம், சிறந்த குழந்தை நடிகர்கள் ஆகிய தேசிய விருதுகள் இதற்குக் கிடைத்தன.

ரங்கநாதன் தெரு

நெல்லைச் சீமைக்காரர் எவரும் சொந்தக் கதையாக எடுத்துக்கொள்ளும் நகரப் படம் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010). வசனம் ஜெயமோகன். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த ஜோதிலிங்கம், தகப்பன் ரயில்வே கேட்டில் அடிபட்டுச் சாக, படிப்பை விட்டுவிட்டுத் தியாகராய நகர் துணிக்கடைக்கு வேலைக்கு வருகிறான். ஆள் எடுக்க ஊருக்கு வருபவர்கள் குடும்பக் கஷ்டம் உள்ள பிள்ளைகளாகப் பார்த்துத்தான் பொறுக்குகிறார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் எதிர்த்துப் பேசமாட்டார்கள், பாதியில் ஊருக்கும் ஓடமாட்டார்கள் என்பது கணக்கு.

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குப் போகும் ரங்கநாதன் தெரு நீளமும் அகலமும் இல்லாத சந்து. அதை நாம் பார்த்ததெல்லாம் துணிப்பையோடு வெளியே வருபவராகத்தான். படம் கவுண்டருக்கு உள்ளே நிற்பவர் பக்கம் போய் நிற்கிறது. நாள் முழுக்க உட்கார விடாத வேலை, தாமதமாக வந்தால் சம்பளத்தில் பிடித்தம், சண்டை போட்டுச் சோறு வாங்க வேண்டிய மெஸ், பாய் போடவும் இடமில்லாத தூக்க அறை. முதலாளி, சூப்பர்வைசர், வேலைக்காரப் பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள், பேசுவதும் ஒரே தமிழ். ஊர்ப் பாசம் என்பது சம்பளம் கேட்காமல் இருப்பதற்கான கயிறாக மாறும் விதத்தை இந்த அளவுக்கு உடைத்துச் சொன்ன படம் வேறில்லை. கடைசிப் பகுதியில் வரும் விபத்து கொஞ்சம் அதிகம் என்று அன்றே சிலர் சொன்னார்கள், அதில் நியாயம் உண்டு. அதற்கு முன்பே படம் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டது.

படத்தில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகளைப் போன்ற கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது.

வடசென்னை

வெளியிலிருந்து வந்தவர் பார்வை மாறத் தொடங்கியதற்கு ஓர் ஆண்டைச் சொல்ல வேண்டுமானால் 2007. வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’ ராஜா அண்ணாமலைபுரத்தின் அஞ்சல் எண்ணையே தலைப்பாக்கி, தெருக் கிரிக்கெட் ஆடும் பையன்களைத் தவிர வேறு எதையும் பற்றிக் கவலைப்படவில்லை. அதே ஆண்டு வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’, திருட்டுப்போன பைக் ஒன்றைத் தொடர்ந்து போய் நகரத்தின் அடித்தளத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த செல்வராகவனின் ‘புதுப்பேட்டை’ அப்போது சரியாக ஓடவில்லை, பின்னாளில்தான் கொண்டாடப்பட்டது.

பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் சுவர் ஒன்றைச் சுற்றி நடக்கிறது. அரசியல்வாதி ஒருவரின் முகம் வரையப்பட்ட அந்தச் சுவரை யார் பிடிப்பது என்பதில் தலைமுறை தலைமுறையாகக் கொலை விழுகிறது. கால்பந்தும் கேரம் போர்டும் கானாவும் படித்து வேலைக்குப் போகும் பிள்ளைகளும் உள்ள வியாசர்பாடி அதில்தான் ஒழுங்காகத் திரைக்கு வந்தது. அதுவரை வடசென்னை என்றால் லுங்கியும் கத்தியும்தான். இரஞ்சித் பின்னர் ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) எழுபதுகளின் குத்துச்சண்டைப் பரம்பரைகளை நெருக்கடி நிலைக் கால அரசியலோடு சேர்த்துச் சொன்னார். வெற்றிமாறனின் ‘வட சென்னை’ (2018) கடற்கரைக் குப்பம், சிறை, கேரம் ஆகிய மூன்றுக்கும் இடையே ஓடுகிறது. சாலை வருகிறது என்று சொல்லி நிலத்தைக் கேட்பவர்களுக்கும் விடமாட்டோம் என்பவர்களுக்கும் நடக்கும் தகராறுதான் அதன் உள்ளீடு. கத்திச் சண்டைக்காகப் பார்த்தவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

இரவுச் சென்னைக்கு மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013), லோகேஷ் கனகராஜின் ‘மாநகரம்’ (2017) இரண்டையும் சொல்லலாம். ‘மாநகரம்’ படத்தில் வேலைக்கு வந்தவன் சான்றிதழைப் பறிகொடுக்கிறான், மகனின் வைத்தியத்துக்காக வந்து டாக்சி ஓட்டும் சார்லிக்கு வழியே தெரியாது. பழைய ரயில்நிலையக் கதை கால் டாக்சிக்கு மாறிவிட்டது.

தாராவி

தாராவித் தமிழர்களில் பெரும்பங்கினர் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து போனவர்கள். கடையமும் தென்காசியும் 2019 நவம்பர் வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) தூத்துக்குடியிலிருந்து ஓடிப்போகும் சிறுவன் வேலு, அந்தக் குடிசைப் பகுதியின் நாயக்கராக வளர்ந்து மடிவதைச் சொல்கிறது. படத்தில் தெரியும் தாராவியின் பெரும்பகுதியைத் தோட்டா தரணி சென்னை ஸ்டுடியோவில் கட்டினார். நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் மூன்றுக்கும் தேசிய விருது கிடைத்தது.

முப்பது ஆண்டுக்குப் பின் இரஞ்சித்தின் ‘காலா’ (2018) அதே இடத்தை வேறு கேள்வியோடு அணுகியது. அங்கே கேள்வி தாதா யார் என்பதில்லை, நிலம் யாருடையது என்பது. ரஜினிகாந்தின் மனைவியாக வரும் ஈஸ்வரி ராவ் பேசும் நெல்லைத் தமிழ் தென்காசி, கடையம்காரர்களுக்கு வீட்டுப் பேச்சு மாதிரி விழுந்தது. இதற்கும் சென்னையில் பெரிய தாராவி செட் போட்டார்கள். படத்தில் வில்லன் கொண்டுவரும் அடுக்குமாடித் திட்டத்தைப் போன்ற மறுசீரமைப்பு நிஜத் தாராவியில் பல முறை பேசி, நின்று, 2022 இறுதியில் மீண்டும் ஏலத்துக்கு வந்தது. யாருக்கு அங்கேயே வீடு, யாருக்கு வெளியே என்கிற கணக்கெடுப்பு அதன்பின் தொடங்கியது.