தாளில் பிரியும் மை: ஆவணச் சான்றும் வண்ணப்பிரிகையும்

முன்னுரை

முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரை ஊர்களில் நிலத்தின் மதிப்பு உயர்ந்துள்ள நிலையில், பழைய கிரயப் பத்திரம் ஒவ்வொன்றும் கூர்ந்து நோக்கப்படுகிறது. ஊற்றுப்பேனாவால் எழுதப்பட்ட ஆவணத்தில் ஒரு வரியோ எண்ணோ பின்னர்ச் சேர்க்கப்பட்டதா? இவ்வினாவிற்குத் தாள் வண்ணப்பிரிகை எந்த அளவு விடை தரும் என்பதை மையின் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

முறையின் தோற்றம்

ஜெர்மானிய வேதியியலார் ரூங்கே, உறிஞ்சுதாளில் கரைசல்கள் பரவித் தோற்றுவித்த வண்ண வடிவங்களை 1850களில் நூல்களாக வெளியிட்டார். 1944இல் இங்கிலாந்தில் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் ஆகியோர் வடிதாளில் அமினோ அமிலங்களைப் பிரித்துக் காட்டியதே இன்றைய முறைக்கு அடிப்படையாயிற்று. தாளின் அடியில் இட்ட மைப்புள்ளியைக் கடந்து கரைப்பான் மேலேறுகையில், தாளோடு ஒட்டும் சாயம் பின்தங்கும். கரைப்பானில் எளிதில் கரையும் சாயம் முந்திச் செல்லும். சாயம் நகர்ந்த தொலைவுக்கும் கரைப்பான் நகர்ந்த தொலைவுக்கும் உள்ள விகிதமே ஒப்பீட்டுக்கு அளவுகோல். எனவே, கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு கருப்பு மைகளை ஒரே தாளில் அருகருகே ஆய்ந்தால், அவற்றின் சாயக் கலவை வேறுபடுவதைக் காணலாம்.

மையின் வகைகள்

எல்லா மையும் இவ்வாறு பிரிவதில்லை. ஓலைச்சுவடியின் எழுத்தாணிக் கீறலில் தேய்க்கப்பட்ட கரி, கரைப்பானில் கரையாது. இட்ட இடத்திலேயே நிற்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மையில், காற்றுப்பட்டுக் கறுக்கும் இரும்புச் சேர்மமும் நகராது. உடன் கலந்த சாயம் இருப்பின் அதுவே மேலேறும். செயற்கைச் சாயங்களாலான ஊற்றுப்பேனா மைகளுக்கே இம்முறை முழுமையாகப் பொருந்தும். 1934இல் சுதேசி முயற்சியாக வங்காளத்தில் தொடங்கிய சுலேகா போன்ற இந்திய மைகள் அயல்நாட்டு மைகளோடு புழக்கத்திற்கு வந்தபின், எந்த மை என்னும் வினாவும் பொருளுடையதாயிற்று.

சான்றின் எல்லை

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணர் கருத்துக்கு இடமளித்தது. ஆயினும், 2010ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற ஒரு வழக்கில், எழுத்தின் வயதை அறிவியல்முறையில் கணித்துரைக்கவல்ல நிபுணர் இல்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. வண்ணப்பிரிகை காட்டுவது சாயக் கலவையை. எழுதிய நாளை அன்று. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய புட்டி மையால் இன்றும் எழுதலாம். மேலும், ஆய்வுக்கு ஆவணத்திலிருந்து சிறு துணுக்கேனும் எடுக்க நேர்கிறது. ஒரே படியாக எஞ்சிய சுவடிக்கோ பத்திரத்திற்கோ அது மீளா இழப்பு.

முடிவுரை

இரு மைகளின் சாயங்கள் வேறுபட்டால், அவை வெவ்வேறு மைகள் என உறுதியாகக் கூறலாம். ஒத்திருந்தால், ஒரே மை என்று கூற இயலாது, வேறுபாடு புலப்படவில்லை என்றே கூறலாம். வேறு மை என்பதும் தன்னளவில் மோசடிக்குச் சான்றாகாது. எழுதுகையில் பேனா மாறியிருக்கலாம். எனவே வண்ணப்பிரிகையின் முடிவைக் கையெழுத்து, தாள், பதிவேடு ஆகியவற்றோடு சேர்த்தே ஆவணத்தின் மெய்ம்மையைத் தீர்மானித்தல் வேண்டும்.