பொன் உறையும் உட்பொறியும்

கொழும்பு மாநகரிலே, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் நெடுங்காலம் வாழ்ந்த குடும்பங்கள் சிலவற்றில், முன்னோர் அணிந்த பொன் மணிக்கூடு ஒன்று பெட்டகத்தில் இருப்பதுண்டு. அணிந்தவரின் கையசைவினாலேயே முறுக்கேறும் வகையைச் சேர்ந்ததாதலின், அதனை ஓட்டோமற்றிக் மணிக்கூடு என வழங்குவர். அது வெளியே எடுக்கப்படும்போது, "இதில் எத்தனை பவுண் தேறும்?" என்ற வினாவே முதலில் எழுகின்றது. அம்மணிக்கூட்டின் வரலாறோ வேறொரு வினாவை நம்முன் வைக்கின்றது.

முதல் உலகப் போரையொட்டிக் கைக்கடிகாரம் எங்கும் பரவியது. முறுக்கும் திருகின் வழியே தூசியும் ஈரமும் உட்புகுந்து பொறியைக் கெடுப்பதை ஜோன் ஹார்வூட் என்ற ஆங்கிலேயர் கண்டார். அத்திருகே இல்லாத மணிக்கூடு ஒன்றை அமைத்து, 1924இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். அதனுள் இருந்த பாரத்தகடு இருபுறமும் மோதித் திரும்பியது. 1931இல் ரோலெக்ஸ் நிறுவனம் முழுவட்டமாகச் சுழலும் தகட்டை அமைத்தது. 1948இல் எற்றேர்னா நிறுவனம் அத்தகட்டை ஐந்து சிறு குண்டுகளின்மேல் சுழல வைத்தது. தகடு சுழல, பற்சக்கரங்கள் அசைந்து வில்லை முறுக்குகின்றன. ஈரத்தையும் தூசியையும் வெல்ல எழுந்த முயற்சியே இப்பொறியின் பிறப்புக்குக் காரணம்.

ஈரம் மிகுந்த கடற்கரை நகரம் கொழும்பு. வெள்ளவத்தையில் உப்புக்காற்று ஓய்வதில்லை. பொன் உறை துருப்பிடிக்காது. உள்ளிருக்கும் உருக்குத் தண்டு துருப்பிடிக்கும். மூடியின் றப்பர் வளையம் இறுகிவிட்டால் ஈரம் முகப்பிலே புள்ளிகளை உண்டாக்கும். அணியாது வைத்தாலும் எண்ணெய் தடித்துப்போகும். அந்நிலையில் ஓடவிட்டால் அச்சுமுனைகள் தேயும். ஆகவே புறத்தின் பளபளப்பைக் கொண்டு அகத்தின் நலத்தை அளவிடல் ஆகாது. மிகுந்த பளபளப்பே சில வேளைகளில் குறையாகும். பன்முறை மெருகிடப்பட்ட உறையில் விளிம்புகள் மழுங்கி, அரச முத்திரையும் அழிந்திருக்கும். 1995 வரை சுவிஸ் அரசு 18 கரட் பொன்னுக்குப் பெண்ணின் தலையையும், 14 கரட்டுக்கு அணிலையும் முத்திரையாகப் பொறித்தது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1977இல் அவை தளரும்வரை, கையிலிருந்த மணிக்கூட்டைப் பழுதுபார்த்துப் பேணுதலே உகந்த வழியாயிற்று. மூடியின் உட்புறத்தில், தாம் திருத்திய நாளையோ அடையாளத்தையோ ஊசிமுனையாற் கீறிவைப்பது கடிகாரத் திருத்துநர் பலரின் வழக்கம்.

இதற்கிடையே உலகிலே இரு மாற்றங்கள் நேர்ந்தன. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. பழைய பொறிகளின் மதிப்புச் சரியலாயிற்று. ஓர் அவுன்ஸ் 35 டொலராக இருந்த பொன்னோ, 1971இல் அமெரிக்கா டொலருக்கும் பொன்னுக்கும் இருந்த தொடர்பை அறுத்தபின் ஏறி, 1980 ஜனவரியில் 850 டொலரை எட்டியது. பொறியைவிட உறையே பெறுமதி உடையதாகவே, பற்பல பொன் உறைகள் உலைக்குச் சென்றன.

1983 ஜூலை வன்செயலில் வெள்ளவத்தையிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. நிழற்படங்களும் பத்திரங்களும் சாம்பலான குடும்பத்திலே, அதற்கு முற்பட்ட மணிக்கூடு எஞ்சியிருப்பின் அது வெறும் ஆபரணமன்று, சான்றுப் பொருள். செட்டியார் தெருவின் தராசு அதன் எடையைச் சரியாகவே சொல்லும். எனினும், தராசில் ஏற்றுமுன் தேர்ந்த திருத்துநர் ஒருவரைக் கொண்டு மூடியைத் திறந்து, முத்திரையையும், இலக்கத்தையும், கீறல்களையும் எழுதிவைத்தல் வேண்டும். உருகிய பொன்னை மீண்டும் வாங்கலாம்; அவ்வெழுத்துக்களை மீண்டும் பெறுதல் இயலாது.